புதுப்பிப்பு: ஊட்டியில் கார்டு தொலைத்த அத்தைக்குப் பணம் வந்துவிட்டது

கோலாலம்பூரிலிருந்து வந்திருக்கும் அத்தை ஊட்டி மார்க்கெட்டில் பர்ஸோடு ஏடிஎம் கார்டையும் தொலைத்துவிட்டார், என்ன வழி என்று போன வாரம் கேட்டிருந்தேன். பணம் கைக்கு வந்தாயிற்று.

கார்டை முடக்கியது வங்கி ஆப்பிலேயே முடிந்தது. புதுக் கார்டு மலேசிய முகவரிக்குத்தான் போகுமாம். கார்டை இயக்கும் விசா நிறுவனம் அவசரப் பணம் தரும் என்று ஒருவர் சொன்னது உண்மைதான், ஆனால் அதற்கும் கார்டு கொடுத்த வங்கி சம்மதிக்க வேண்டும். அத்தைக்கு அவ்வளவு பொறுமை ஏது?

சரி என்று அத்தை மகன் அங்கிருந்து வெஸ்டர்ன் யூனியன் என்ற பணம் அனுப்பும் நிறுவனம் வழியாக அனுப்பினான். அத்தையின் பாஸ்போர்ட்டில் ‘ஏ/பி’ (மலாயில் ‘இன்னாரின் மகள்’) போட்டுத் தாத்தா பெயரும் சேர்ந்திருக்கிறது. அவனோ வீட்டில் வழங்குகிற பெயரை மட்டும் போட்டிருக்கிறான். கவுண்டரில் மறுத்துவிட்டார்கள். நியாயம்தான். அனுப்பியவனே பெயரைத் திருத்திய பிறகு பாஸ்போர்ட், இந்திய விசா, பணம் அனுப்பியதற்கான 10 இலக்க எண் மூன்றையும் காட்டி வாங்கினோம்.

இப்படி அனுப்ப வரம்பு எவ்வளவு என்று கேட்டவர்களுக்கு: ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு தடவைக்கு 2,500 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம்; ரொக்கமாக 50,000 ரூபாய் வரை தருவார்கள். வெளிநாட்டுப் பயணி என்றால் விதிவிலக்காகக் கூடுதலாகவும் தர இடமுண்டு.

‘உன் கணக்குக்கே அனுப்பச் சொல்லியிருக்கலாமே’ என்று பலர் கேட்டீர்கள். நானும் அதைத்தான் முதலில் சொன்னேன். அண்ணன் பிள்ளையிடம் கை நீட்டி வாங்குவதா என்று அத்தை ஒரே பிடிவாதம். இப்போது அந்தப் பணத்தில் எனக்கே ஊட்டி வர்க்கி பிஸ்கட் வாங்கித் தருகிறார்.