புதுப்பிப்பு: சர்வரில் மட்டும் படங்கள் வராத சிக்கல் தீர்ந்தது

முன்பு கேட்டிருந்தது இதுதான்: என் விண்டோஸ் கணினியில் ஒழுங்காக ஓடும் வலைச் செயலியை லினக்ஸ் சர்வரில் ஏற்றினால் சில படங்களுக்கு 404 (கோப்பு இல்லை என்ற பிழை) வருகிறது, ஒரு மாட்யூல் ஸ்கிரிப்ட்டுக்கு (ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு) மைம் வகை, அதாவது சர்வர் சொல்லும் கோப்பு வகை, தவறு என்று பிரவுசர் கன்சோல் கத்துகிறது. இப்போது இரண்டும் சரி.

காரணம் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடுதான். படக் கோப்புறையின் பெயர் பெரிய 'ஐ'யில் (I) தொடங்குகிறது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பில் அதே பெயர் சின்ன 'ஐ'யில் (i). விண்டோஸும் மேக்கும் இயல்பாக இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸுக்கு அவை வெவ்வேறு. யூஆர்எல்லில் டொமைன் பெயரை எப்படி எழுதினாலும் போகும், அதற்குப் பின்னால் வரும் பாதையில்தான் வம்பு.

ஸ்கிரிப்ட்டுக்கும் அதே நோய்தான். ஆனால் படங்களைத் தவிர மற்ற இல்லாத பாதைக்கெல்லாம் முகப்புப் பக்கத்தையே 200 (எல்லாம் சரி) என்று அனுப்பும்படி சர்வர் அமைக்கப்பட்டிருந்ததால் 404 கண்ணில் படவில்லை. பிரவுசரின் நெட்வொர்க் டேபில் சர்வர் அனுப்பிய பதிலைத் திறந்தால் ஜாவாஸ்கிரிப்ட் இருக்க வேண்டிய இடத்தில் எச்டிஎம்எல்!

உண்மையில் இழுத்தடித்தது கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவி). கோப்புறைப் பெயரைச் சின்ன எழுத்தாக மாற்றினால் 'மாற்றம் ஏதுமில்லை' என்றது. விண்டோஸில் கோர்.இக்னோர்கேஸ் என்ற கிட் அமைப்பு (பெரிய, சின்ன எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாதே என்பது) ட்ரூ என்றிருப்பதால் இதை அது கண்டுகொள்ளாது. அதை ஃபால்ஸ் ஆக்கச் சிலர் சொல்வார்கள். வேண்டாம், ஒரே கோப்பு இரண்டு பெயரில் ரெப்போவில் (கிட் வைத்திருக்கும் கோப்புக் களஞ்சியம்) உட்கார்ந்துவிடும். பெயர் மாற்றும் கிட் எம்வி (git mv) கட்டளையால் முதலில் ஒரு தற்காலிகப் பெயர், அப்புறம் சரியான பெயர், பிறகு கமிட் (மாற்றத்தைப் பதிவு செய்வது). அவ்வளவுதான் வேலை.