சிறுமி சொன்னதை எழுதிவைத்திருக்கிறேன். தலைமையாசிரியர் பொறுக்கச் சொல்கிறார்

கேள்வி: மூன்றாம்வகுப்பு டீச்சர்

அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். கடந்த செவ்வாய்க்கிழமை மாலை மணி அடித்த பிறகும் ஒரு சிறுமி வீட்டுக்குக் கிளம்பாமல் என் மேசையருகே நின்று, சாக்பீஸ் டப்பாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். ஆட்டோ வந்துவிட்டதே, போகவில்லையா என்று கேட்டதற்கு, “ஆட்டோ மாமா என்னை மட்டும் முன்னாடி உட்காரச் சொல்றாங்க டீச்சர், எனக்குப் பிடிக்கல” என்றாள். அதன் பிறகு இன்னொரு வாக்கியமும் சொன்னாள். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. ஆனால் கேட்டவர் எவரும் சும்மா இருந்துவிட முடியாத வாக்கியம் அது. அன்று அவளை நானே பாட்டி வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

மறுநாள் தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் சிறுமியை அலுவலக அறைக்கு அழைத்து, இரண்டு ஆசிரியர்களை அருகில் வைத்துக்கொண்டு, ஒரே கேள்வியை நான்கைந்து விதமாகக் கேட்டார். அவள் தரையைப் பார்த்தபடி “ஒண்ணுமில்ல சார்” என்றாள். அவளே இல்லை என்கிறாள், ஆட்டோவும் பெற்றோர் பேசி வைத்தது, ஆகவே பள்ளிக்கு இதில் பொறுப்பில்லை என்றும், திருப்பூரில் வேலை செய்யும் தாய் ஊருக்கு வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்றும் அவர் சொல்கிறார். இன்று வியாழக்கிழமை. அவரை மீறி நான் புகார் கொடுக்கலாமா? குற்றம் நிரூபிக்கப்படாவிட்டால் என்மீது வழக்கு வருமா?

பதில் 1: கறுப்புக்கோட்டு

இது உங்கள் தலைமையாசிரியர் அனுமதி தர வேண்டிய விஷயமே அல்ல. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 19ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள்: குற்றம் நடந்தது தெரிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரும் சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ தகவல் தந்தாக வேண்டும். முதலில் விசாரித்து உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை. தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழுள்ளவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காவிட்டால் சிறை 1 ஆண்டு வரை நீளும். ஆட்டோ பெற்றோரின் ஏற்பாடு என்பதால் இந்த இரண்டாவது பகுதி அவருக்குப் பொருந்தாது என்று வேண்டுமானால் வாதிடலாம். முதல் பகுதியிலிருந்து அவரும் தப்ப முடியாது, நீங்களும் தப்ப முடியாது.

உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். நல்லெண்ணத்துடன் தகவல் தருபவர்மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ தொடர முடியாது என்று அதே 19ஆம் பிரிவு சொல்கிறது. பொய்ப் புகாருக்கான 22ஆம் பிரிவு, ஒருவரை அவமானப்படுத்தவோ மிரட்டவோ பணம் பறிக்கவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு மட்டுமே புகார் செய்பவருக்கானது. மகாராஷ்டிரத்தில் பள்ளி விடுதி மாணவிகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் தமக்குத் தெரிந்ததைத் தெரிவிக்காமல் விட்ட வழக்கில், அவ்வாறு மறைப்பது கடுமையான குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவாகவே கூறியிருக்கிறது.

குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைப்பது உதவியாக இருக்கும். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள், காவல் நிலையத்துக்கு எழுத்தில் கொடுத்து, பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த ஆட்டோவில் இன்னும் எத்தனை பிள்ளைகள் போய்வருகிறார்கள் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற த.ஆ.

உங்கள் தலைமையாசிரியர் செய்ததை ஒரு காலத்தில் நானும் செய்திருக்கிறேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் தன் டியூஷன் வாத்தியாரைப் பற்றிச் சொன்னபோது (ஆண் பிள்ளைகளுக்கும் இச்சட்டம் பொருந்தும் என்பதே அன்று எங்களில் பலருக்குத் தெரியாது), நான் கேட்டேன், வகுப்பாசிரியர் கேட்டார், அவன் பெரியப்பா கேட்டார். ஒவ்வொருவரும் கேட்ட விதத்துக்கு ஏற்ப அவன் பதிலும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அந்த மாற்றங்களே போதுமாக இருந்தன. அவன் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் அவன் சொல்லைக் கலைத்துப் போட்டோம்.

ஆகவே அவளிடம் இனி எதுவும் கேட்காதீர்கள். மற்றவர்களையும் கேட்க விடாதீர்கள். அவள் சொன்ன இரண்டு வாக்கியங்களையும் அவளுடைய சொற்களிலேயே, உங்கள் நடைக்குத் திருத்தாமல், தேதி, நேரம், உடனிருந்தவர் விவரத்தோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். அலுவலக அறையில் நடந்ததையும் அப்படியே எழுதுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சொல்லித்தான் ஆக வேண்டும், அதனால் அது உடைகிற வாக்கு. நீ சொன்னது சரி, உன்மேல் தப்பில்லை என்பது மட்டும் அவள் காதில் விழட்டும்.

பள்ளிச் சுவரில் ‘மாணவர் மனசு’ பெட்டி வைத்திருப்பதைக் காட்டி நம் கடமை முடிந்ததாக நினைப்பவர்களும் உண்டு. எட்டு வயதுப் பிள்ளை இப்படி ஒன்றை எழுதி அதில் போடும் என்று எதிர்பார்ப்பது வீண்; அது சாக்பீஸ் டப்பாவோடுதான் வந்து நிற்கும்.

பதில் 3: மேலாண்மைக்குழு அம்மா

சட்டம் சரிதான், ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் இப்படி ஒன்று வெளியே வந்தபோது பிள்ளையின் படிப்பை நிறுத்திவிட்டு அவளை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரார் ஆட்டோக்காரனைப் பற்றி ஒரு வாரம் பேசிவிட்டு, பிள்ளையைப் பற்றித்தான் ஒரு வருடம் பேசினார்கள். புகார் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன்போ அதே நாளிலோ பாட்டியிடம் உட்கார்ந்து பேசுங்கள் என்கிறேன். காவலர்தான் முதலில் வந்து சொல்லும்படி ஆகிவிட்டால் அந்த அம்மாள் மிரண்டுபோவார்.

கறுப்புக்கோட்டு: அம்மா சொல்வதை ஏற்கிறேன், பாட்டியின் பதிலுக்காகப் புகாரைத் தள்ளிவைக்காத வரையில். 24ஆம் பிரிவின்படி சிறுமியின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் பெற வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையில்லாமல் வர வேண்டும். இதைப் பாட்டிக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதி பயம் போய்விடும். ஊடகம் எதிலும் சிறுமியின் பெயரோ பள்ளியின் பெயரோ வரக் கூடாது என்பதையும் 23ஆம் பிரிவு உறுதிசெய்கிறது. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஏதாவது பகிரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம்வகுப்பு டீச்சர்

அனைவருக்கும் நன்றி. வியாழக்கிழமை மாலையே பாட்டியைப் பார்த்துவிட்டு, உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவருடன் காவல் நிலையம் சென்று எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை ஓர் உதவி ஆய்வாளர் அம்மா சுடிதாரில் வந்து, திண்ணையில் சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளாகப் பேசத் தொடங்கும்வரை பொறுமையாக இருந்தார். அந்த ஆட்டோ இப்போது வருவதில்லை; மற்றப் பிள்ளைகளின் வீடுகளிலும் காவல்துறையினர் பேசிவருகிறார்கள். தலைமையாசிரியர் இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

சிறுமி திங்கட்கிழமை பாட்டியோடு டவுன் பஸ்ஸில் வந்து, முதல் பாடவேளை பாதி முடிந்த பிறகு வகுப்புக்குள் நுழைந்தாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே நான் ஏற்கெனவே ‘வருகை’ போட்டிருந்தேன்.