பல் எடுத்த பிறகு சாப்பிடாத சர்க்கரைப் பூனை, அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

எங்கள் செல்லிக்கு 11 வயது, சர்க்கரை நோய் வந்து இரண்டு வருடம் ஆகிறது. காலையும் இரவும் கிளார்ஜின் இன்சுலின் 2 யூனிட் போட்டு ஓரளவு கட்டுக்குள் வைத்திருந்தோம். ஈறில் சீழ் வைத்துவிட்டதால் மூன்று நாளைக்கு முன் நான்கு பற்களை எடுத்தார்கள். அன்றிலிருந்து சாப்பாடே இறங்கவில்லை. கிண்ணத்துக்குப் போகிறாள், மோந்து பார்க்கிறாள், எச்சில் வடிய அப்படியே திரும்பிவிடுகிறாள், பார்க்கவே முடியவில்லை.

சாப்பிடாத பூனைக்கு முழு ஊசி போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும், போடாமலே விட்டால் கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உருவாகும் அமிலப் பொருள்) ஏறிவிடும், இரண்டுமே உயிருக்கு ஆபத்து. மருத்துவர் சொன்னபடி பாதி அளவு போட்டு, காதில் குத்தி இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நேற்று இரவு 68 என்று இறங்கிவிட்டது, ஈறில் தேன் தடவினேன். இன்று காலை 390. சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையில் கீட்டோனும் லேசாகத் தெரிகிறது, அதனால் இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புகிறோம். இப்படியே பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும், கழுத்து வழியாக உணவுக் குழாய் வைக்க வேண்டிவரலாம் என்கிறார் மருத்துவர்.

குழாய் வைத்து வீட்டில் பார்த்துக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை நாள் வைத்திருந்தீர்கள், ஒரு வேளைக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், இன்சுலின் நேரத்தை அதோடு எப்படிப் பொருத்தினீர்கள்? அப்புறம், வலிக்குப் புப்ரினார்ஃபின் கொடுத்த பிறகு சாப்பிட ஆரம்பித்த பூனைகள் உண்டா? தயவுசெய்து பாராசிட்டமால் மட்டும் சொல்லாதீர்கள், பூனைக்கு அது விஷம். இரவு எந்நேரமானாலும் பதில் எழுதுங்கள், விழித்துத்தான் இருப்பேன்.