45 ஜிபி சி.டி. ஸ்கேன்: 3டியில் திறந்தால் நிரல் மூடிக்கொள்கிறது, சுருக்கினால் துளை காணாமல் போகிறது

கேட்டவர்:
வணக்கம். அலுமினிய காஸ்டிங் ஒன்றின் சி.டி. ஸ்கேன். 3000 × 3000 × 2500 வாக்ஸல் (முப்பரிமாணப் படப்புள்ளி), 16 பிட், ஒரு வாக்ஸல் 40 மைக்ரான். டிஃப் ஸ்லைஸ்களாக (குறுக்குவெட்டுப் படக் கோப்புகளாக) மொத்தம் 45 ஜிபி. ரேம் 64 ஜிபி, கிராபிக்ஸ் கார்டில் 12 ஜிபி. 3டியில் திறந்தால் பாதியிலேயே நிரல் மூடிக்கொள்கிறது. ரேமை விடக் கோப்பு சின்னதுதானே?

மூன்று அச்சிலும் பாதியாகச் சுருக்கினால் நன்றாகச் சுழல்கிறது. ஆனால் ஸ்லைஸில் தெரிந்த போரோசிட்டி (உலோகத்துக்குள் இருக்கும் நுண்துளைகள்) பல இடங்களில் இல்லை. 80 மைக்ரான் துளை ஒன்று தெரிகிறது, பக்கத்தில் அதே அளவுள்ளது தெரியவில்லை. ஏன் இப்படி?

வாக்ஸல்வாசி:
கோப்பு 45தான், ஆனால் பல நிரல்கள் உள்ளே 32 பிட் ஃப்ளோட்டாக மாற்றிக்கொள்ளும். அப்போதே 90 ஜிபி. அதற்கு மேல் கார்டுக்கு அனுப்ப ஒரு நகல். 64 எங்கே போதும்?

பார்ப்பதற்கு மட்டும் 8 பிட்டாக்குங்கள். ஹிஸ்டோகிராமில் (எந்த மதிப்பில் எத்தனை வாக்ஸல் என்று காட்டும் வரைபடத்தில்) காற்றின் முகட்டுக்குச் சற்றுக் கீழே தொடங்கி, அலுமினிய முகட்டுக்குச் சற்று மேலே முடியுங்கள். உலோகத்தால் படத்தில் விழும் பொய்க் கீற்றுகளையும் சேர்த்து முழு வீச்சையும் 256 படிக்குள் அடைத்தால் துளையின் வேறுபாடு நசுங்கிவிடும். பாதியாகச் சுருக்கிய 8 பிட் தொகுதி 2.8 ஜிபிதான், 12 ஜிபி கார்டில் தாராளமாக உட்காரும். அளவெடுப்பது மட்டும் 16 பிட் மூலத்தில்.

காஸ்டிங்காரர்:
துளை மறைவதற்குக் காரணம் சராசரி: பாதியாகச் சுருக்கும்போது எட்டு வாக்ஸலின் சராசரி ஒரு புது வாக்ஸலாகிறது. 40 மைக்ரானில் 80 மைக்ரான் துளை என்றால் 2 × 2 × 2, மொத்தம் 8 வாக்ஸல். சுருக்கும் கட்டத்தோடு அது சரியாகப் பொருந்தி விழுந்தால், 8 வாக்ஸலும் ஒரே புது வாக்ஸலாகி முழுக் கருப்பாகத் தெரியும். மூன்று அச்சிலும் ஒரு வாக்ஸல் தள்ளி விழுந்தால் எட்டுப் புது வாக்ஸல்களுக்குப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் எட்டில் ஒரு பங்கு கருமைதான் மிஞ்சும். நாய்ஸில் (படத்தின் இரைச்சலில்) அது கரைந்துவிடும். உங்கள் இரண்டு துளைக்கும் வித்தியாசம் அவை விழுந்த இடம் மட்டும்தான்.

சராசரிக்குப் பதில் எட்டில் மிகக் குறைந்த மதிப்பை எடுங்கள். துளை எங்கே விழுந்தாலும் தங்கும். கனமான இன்க்ளூஷன் (உள்ளே சிக்கிய வேற்றுப் பொருள்) தேடுவதானால் அதிகபட்சம்.

புதியவன்:
அப்படிச் செய்தால் நாய்ஸும் துளை மாதிரி வருமே? முதலில் 3 × 3 × 3 மீடியன் (சுற்றியுள்ள 27 வாக்ஸலின் நடு மதிப்பை எடுக்கும் வடிகட்டி) போட்டுவிடலாமா?

காஸ்டிங்காரர்:
வரும். சுத்தமான உலோகத்திலேயே எட்டில் குறைந்தது என்பது சராசரிக்கு ஏறக்குறைய 1.4 சிக்மா (நாய்ஸின் திட்ட விலக்கம்) கீழே போகும், அதற்கேற்ப த்ரெஷோல்டையும் (துளை என்று எடுக்கும் எல்லை மதிப்பையும்) இறக்க வேண்டும். மீடியன் மட்டும் வேண்டவே வேண்டாம் தம்பி! 27 வாக்ஸலில் துளையுடையது 8தான், மீடியன் 14ஆவது மதிப்பு. துளை ஜெயிக்கவே முடியாது, மொத்தமும் துடைத்துப் போய்விடும்.

இன்னொன்று: குறைந்த மதிப்பு எடுத்த படத்தில் துளை உப்பித் தெரியும். அதில் அளவெடுத்து ரிப்போர்ட் எழுதிவிடாதீர்கள்.

வாக்ஸல்வாசி:
என்னைக் கேட்டால் 3டி படத்தில் துளை தேடுவதே தப்பு. தேடுவது முழுத் தெளிவில், துண்டு துண்டாக. 256 வாக்ஸல் பக்கமுள்ள ஒரு துண்டு 16 பிட்டில் 34 எம்பிதான், எந்தக் கணினியும் தாங்கும். கிடைக்கும் துளைப் பட்டியலைச் சுருக்கிய உருவத்தின் மேல் வண்ணம் பூசிக் காட்டுங்கள். சுழற்றிப் பார்ப்பது இடம் தெரியத்தான்.

டிஃப் அடுக்கையும் விட்டுவிடுங்கள். பக்கவாட்டு ஸ்லைஸ் ஒன்று கேட்டால் 2500 கோப்பையும் திறக்க வேண்டும். எச்.டி.எஃப்.5 என்ற கோப்பு வடிவத்தில் 64 வாக்ஸல் பக்கமுள்ள சங்க்குகளாக (கனத் துண்டுகளாக) சேமித்தால் எந்தத் திசையில் வெட்டினாலும் தேவையான சங்க் மட்டும் வரும். அவசரத்துக்கு இமேஜ்ஜே என்ற பட நிரலின் விர்ச்சுவல் ஸ்டாக் (கேட்கும் ஸ்லைஸை மட்டும் வட்டிலிருந்து எடுக்கும் வசதி) போதும்.

கேட்டவர்:
8 பிட்டில் நிரல் மூடவில்லை. குறைந்த மதிப்பு எடுத்ததும் அந்தப் பக்கத்துத் துளை தெரிந்துவிட்டது. துண்டு முறையில் ஒரு சந்தேகம்: எல்லையில் விழும் துளை இரண்டாக எண்ணப்படாதா?

வாக்ஸல்வாசி:
படும். துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வெட்டுங்கள். ஏறும் அகலம் நீங்கள் எதிர்பார்க்கும் பெரிய துளையை விடக் கூடுதலாக இருக்கட்டும். துளையின் மையம் எந்தத் துண்டின் உள்பகுதியில் விழுகிறதோ, கணக்கு அதில் மட்டும். உலோகம் உறையும்போது சுருங்கி உண்டாகும் நீளமான குழி இருந்தால் இது பத்தாது, எல்லையில் தொட்டுக்கொள்ளும் லேபிள்களை (ஒவ்வொரு துளைக்கும் இட்ட எண்களை) இணைக்க வேண்டியிருக்கும்.