கர்ப்பத்தில் சீனி கூடியதற்கு நஞ்சுக்கொடியா காரணம்?

வெள்ளவத்தைப் பிள்ளை: ஏழாம் மாதம். முதல் கிளினிக்கில் சீனி சரியாக இருந்தது, போன கிழமை 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பார்த்தால் கூடிவிட்டதாம். நான் தின்ற மாம்பழம்தான் காரணம் என்கிறார் மாமி, மிட்வைஃப் மிஸ் நஞ்சுக்கொடி என்கிறார். எது சரி?

தெஹிவளை அக்கா: மாம்பழத்தைக் குறை சொல்லாதீங்கோ தங்கச்சி, மிஸ் சொன்னதுதான் சரி. பிள்ளைக்குச் சாப்பாடு குறையக்கூடாதென்று நஞ்சுக்கொடி லாக்டோஜன் (பால்மா இல்லை!) போன்ற ஹோர்மோன்களைச் சுரக்கும், அவை தாயின் உடம்பில் இன்சுலினின் வேலையை மந்தமாக்கும், கொடி வளர வளர இது கூடும், அதனால்தான் 24–28 கிழமையில் திரும்பச் சோதிக்கிறார்கள். இந்த மந்தம் எல்லாத் தாய்மாருக்கும் வருகிறதுதான். கணையம் இன்சுலினைக் கூடச் சுரந்து ஈடுகொடுக்காவிட்டால் சீனி ஏறும்.

கொட்டாஞ்சேனை அம்மா: இன்சுலின் ஊசி சொன்னால் பயப்படாதீங்கோ. அது கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போவதில்லை என்றே சொல்லலாம். தாண்டுவது சீனிதான், அதைச் சமாளிக்கப் பிள்ளை தானே இன்சுலினைக் கூடச் சுரந்து கொழுத்துவிடும்.

வெள்ளவத்தைப் பிள்ளை: அப்போ பிறந்தவுடன் போய்விடுமா?

தெஹிவளை அக்கா: கொடி விழுந்ததும் பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனாலும் 6–12 கிழமைக்குள் திரும்பச் சோதியுங்கோ, பிற்காலத்தில் சீனி வருத்தம் வரும் வாய்ப்பு கூட. குரக்கன் புட்டும் அளவோடுதான், மாமியிடமும் சொல்லி வையுங்கோ.