பலா மரத்தில் இருப்பது யாருடைய கூடு?

வணக்கம். தாண்டிக்குடி பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்துப் பலா மரத்தில், சுமார் 15 அடி உயரத்தில் ஒரு கூடு இருக்கிறது. ஜனவரி கடைசியில் காப்பிப் பழம் பறிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. கால்பந்தைவிடக் கொஞ்சம் பெரியது, கரும்பழுப்பு நிறம். காய்ந்த வறட்டியைச் செதில் செதிலாக ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கியிருக்கிறது.

முசுறு எறும்பின் கூடு என்று முதலில் நினைத்தேன். ஆனால் முசுறு இலைகளை இழுத்துத் தைக்கும், இதில் இலையே இல்லை. மலை அணில் கூடும் இல்லை, அதில் சுள்ளி நீட்டிக்கொண்டிருக்கும். குளவியும் வரவில்லை. கீழே விழுந்த துண்டை நீரில் போட்டேன். கரையான் மண் போலக் கரையவில்லை, தாள்கூழ் மாதிரி ஊறியது. கிளையை லேசாகத் தட்டினால் பொடிக் கறுப்பு எறும்புகள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகின்றன.

சரி, எறும்புக் கூடுதான் என்று விட்டேன். போன வாரம் பார்த்தால் பக்கவாட்டில் வட்டமாக ஒரு ஓட்டை! செம்பழுப்பு மரங்கொத்தி ஒன்று அதற்குள் போய் வருகிறது.

அடுத்த வாரம் நிழல் கவாத்துக்கு, அதாவது நிழல் மரங்களின் கிளைகளை வெட்டிவிட, ஆள் வருகிறார்கள். உள்ளே குஞ்சு இருந்தால் அந்தக் கிளையைத் தொடவே விடமாட்டேன். எறும்பு நிறைந்த கூட்டுக்குள் மரங்கொத்தி முட்டை வைக்குமா?