பழைய செயல்வழிக் கற்றல் அட்டைகள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரே அறையில் வைத்துப் பாடம் எடுக்கிறேன். 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் (பிள்ளைகள் அவரவர் வேகத்தில் அட்டைகளை வைத்துச் செய்து கற்கும் முறை) உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எந்த அட்டைக்குப் பிறகு எது என்று படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி, அட்டைகள், பிள்ளைகள் கைக்கு எட்டும் கீழ்மட்டக் கரும்பலகை, அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல். சில நாள் வராத பிள்ளைகூட விட்ட படியிலிருந்தே தொடரலாம். கலப்பு வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

தமிழ், கணக்கு அட்டைகள் வைத்திருப்பவர்கள் படம் எடுத்து அனுப்ப முடியுமா? பிள்ளைகளே கதை கட்டி, படம் வரையும்படி அட்டைகளை மாற்றிப் பார்த்தவர்கள், எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், பந்தலுக்கு எந்தக் கம்பி தாங்கும், எவ்வளவு உயரத்தில் கட்டலாம்?